கோட்டை போனது, முறை நின்றது: பழவேற்காட்டு ஏரியில் பங்கீட்டின் வரலாறு

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், பொன்னேரியைக் கடந்து செல்லும் சாலை ஓர் ஏரிக்கரையில் முடிகிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையில் அமைந்த அந்த ஊர்தான் பழவேற்காடு. வரலாற்று ஆர்வத்தோடு அங்கே செல்பவர்கள் பெரும்பாலும் டச்சுக்காரர்கள் விட்டுச் சென்றவற்றைத்தான் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கல்லறைத் தோட்டம், அதன் வாயிலில் செதுக்கப்பட்ட எலும்புக்கூடுகள், புதர் மண்டிக் கிடக்கும் கோட்டை அகழி ஆகியவையே ஊரின் வரலாறாக அறிமுகமாகின்றன. ஆனால் அதே ஊரைச் சுற்றியுள்ள குப்பங்களில் இன்னொரு வரலாறு தலைமுறைகளாக நடந்துவருகிறது. ஏரியின் எந்த இடத்தில், எந்த நாளில், யார் இறால் வலை கட்டலாம் என்பதை மீனவர்கள் தங்களுக்குள் முறை வைத்தும் சீட்டுப் போட்டும் தீர்மானிக்கும் ஏற்பாடு அது. அதற்குப் பாடு என்று பெயர். பழவேற்காடு ஓர் ஊராக நீடித்ததற்கு அங்கே வந்துபோன வணிகத்தைவிட இந்தப் பங்கீட்டு முறையே பெரிய காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த முறையில் கடுமையான குறைகள் உண்டு. அவற்றை மறைக்காமல் எடைபோட்ட பிறகும் வாதம் நிற்கிறதா என்று பார்ப்பதே நேர்மையான வழி.

வணிகத்தின் பெருமையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். விஜயநகர ஆட்சியின்போதே பழவேற்காடு சோழமண்டலக் கரையின் முதன்மையான துறைமுகங்களில் ஒன்று. உள்நாட்டில் நெய்து சாயமேற்றிய துணி இங்கிருந்து மலாக்காவுக்கும் ஜாவாவுக்கும் போனது. இந்தக் கடல்வழியில் முன்னின்றவர்களில் தமிழ் முஸ்லிம் வணிகர்களும் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இங்கே குடியிருப்பு அமைத்தார்கள். 1610இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே பண்டகசாலை திறந்தது. சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் 1612இல் அதைத் தாக்கி அழிக்கவே, டச்சுக்காரர்கள் அடுத்த ஆண்டே கோட்டை எழுப்பி, தங்கள் நாட்டின் ஒரு மாகாணத்தின் நினைவாக அதற்கு கெல்டிரியா என்று பெயரிட்டார்கள். ஆங்கிலேயரும் இங்கே இடம் பிடிக்க முயன்றார்கள். 1620-களின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் டச்சுக்காரர்களோடு வணிகத்தைப் பகிர்ந்தும் பார்த்தார்கள். அது நிலைக்காமல் வடக்கே துர்க்கராஜப்பட்டினத்துக்கு நகர்ந்து, பின் 1639இல் சென்னையில் இடம் பெற்றார்கள். அந்த அளவில், பழவேற்காட்டில் கிடைக்காத இடமும் சென்னை நகரம் உருவானதற்கு ஒரு காரணம்.

இந்த வணிகம் யாருக்கு என்ன தந்தது என்று பார்த்தால் படம் மாறுகிறது. சோழமண்டலத் துணியைக் கொடுத்துக் கிழக்கிந்தியத் தீவுகளில் நறுமணப் பொருள் வாங்குவதே டச்சுக் கம்பெனியின் கணக்கு. பழவேற்காடு அந்தக் கணக்கில் ஒரு வரிதான். இங்கேயே வெடிமருந்தும் செய்தார்கள். பஞ்சத்தில் சிக்கியவர்களை விலைக்கு வாங்கி, 1620-களில் படேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றி அடிமைகளாக விற்கவும் செய்தார்கள். கணக்கு மாறியதும் ஊரின் தலையெழுத்தும் மாறியது. 1690இல் கம்பெனி தன் சோழமண்டலத் தலைமையகத்தை நாகப்பட்டினத்துக்கு எடுத்துச் சென்றது. 1781இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போனபின் பழவேற்காட்டுக்கு மீண்டும் ஒரு சிறு முக்கியத்துவம் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டை தகர்க்கப்பட்டது. 1824ஆம் ஆண்டு ஆங்கிலேய-டச்சு உடன்படிக்கையின்படி 1825இல் ஊர் முழுமையாக ஆங்கிலேயருக்குக் கைமாறியது. இந்த முடிவுகளில் எதுவும் ஊரில் எடுக்கப்பட்டதில்லை. ஆம்ஸ்டர்டாமிலும் படேவியாவிலும் லண்டனிலும் எடுக்கப்பட்டவை. வெளியிலிருந்து வந்த தேவை ஊரை வளர்த்தது, தேவை தீர்ந்ததும் கைவிட்டது. தேவை தீர்ந்த பிறகும் இரு நூற்றாண்டுகளாக மக்கள் எதைக்கொண்டு, எந்த ஒழுங்கில் வாழ்ந்தார்கள் என்பதே வரலாற்றாசிரியர் கேட்க வேண்டிய கேள்வி.

ஏரியும் இறாலும்

பதிலைத் தேட ஏரியின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தெற்கு முனை தமிழ்நாட்டில் இருக்கிறது. தெற்கே ஆரணி ஆறும், நடுவில் காளங்கியும், வடக்கே சுவர்ணமுகியும் நன்னீர் கொண்டுவருகின்றன. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல்தீவு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கிறது. பழவேற்காட்டுக்கு அருகே உள்ள முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே வந்து போகிறது. ஏரி மிக ஆழம் குறைந்தது. பல இடங்களில் ஆள் இறங்கி நடக்கலாம். வடகிழக்குப் பருவமழையில் ஆற்று வெள்ளம் முகத்துவாரத்தை அகலத் திறந்துவிடும், ஏரி ஏறக்குறைய நன்னீராகும். கோடையில் ஆறுகள் வற்ற, அலைகள் கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தை அடைக்க, உள்ளே தேங்கிய நீர் கடல்நீரைவிடவும் உப்பேறிப் போகும். ஏரியின் உயிர்கள் எல்லாம் இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகியவை.

அவற்றுள் மக்களின் வருமானத்தை அதிகம் தீர்மானிப்பது இறால். வெள்ளை இறாலும் வரி இறாலும் கரைக்கு அப்பால் கடலில் முட்டையிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத சிறு குஞ்சுகள் நீர் ஏறும்போது முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, சேற்றிலும் பாசியிலும் இரை தேடி வளர்கின்றன. ஓரளவு வளர்ந்ததும் நீர் வடியும்போது கூட்டமாகக் கடலுக்குத் திரும்புகின்றன. திரும்பும் வழி அந்த முகத்துவாரம்தான். ஆகவே முகத்துவாரத்தை ஒட்டிய ஓடைகளில், நீரோட்டத்துக்குக் குறுக்கே கம்பு நட்டு வலை கட்டுகிறவருக்குக் கிடைப்பது மிக அதிகம். உள்ளே தள்ளிப் போகப் போக வரத்து குறையும். அமாவாசையை ஒட்டிய இருட்டு இரவுகளில் கிடைப்பதற்கும் நிலா வெளிச்ச இரவுகளில் கிடைப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஒரே ஏரி, ஒரே வலை, ஒரே உழைப்பு இருந்தாலும் இடமும் நாளும் மாறினால் பிடிபாடு பல மடங்கு மாறும். நிலத்தைப் போல வேலி போட்டு ஆளுக்கொரு துண்டு கொடுத்தால், முகத்துவாரத்துத் துண்டு பெற்றவர் செல்வந்தராவார், உள்ளே துண்டு பெற்றவர் கடனாளியாவார். யாருக்கும் துண்டே இல்லை, முந்தியவர் கட்டலாம் என்றாலோ, ஒவ்வொரு இரவும் அடிதடியில்தான் தொடங்கும். பாடு முறை தீர்க்க முற்பட்ட சிக்கல் இதுதான்.

முறையும் சீட்டும்

பாடு வலை கட்டும் உரிமை பழவேற்காட்டில் நெடுங்காலமாகப் பட்டினவர் சமூகத்தின் சில குப்பங்களிடம் இருந்துவந்தது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகியவை ஆய்வுகளில் அடிக்கடி இடம்பெறும் பெயர்கள். பயன்படும் வலைக்கு இங்கே சுத்துவலை என்று பெயர். வலை கட்டத்தக்க இடங்கள் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கும். எந்த நாளில் எந்த ஊர் என்பது முறைப்படி சுற்றிவரும். ஊருக்குள் யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டு முடிவுசெய்யும். நல்ல இடம் கிடைத்தவருக்கு அது நிலையாக இருப்பதில்லை. அடுத்த சுற்றில் அவர் வேறிடத்துக்குப் போயாக வேண்டும். பங்காளியாக ஊரில் பதிவான ஒவ்வொருவருக்கும், பணக்காரரோ ஏழையோ, சீட்டில் ஒரே எடைதான். பெரிய வலையும் பெரிய படகும் வைத்திருப்பதால் கூடுதல் நாள் கிடைக்காது. நட்டம் வந்தாலும் இலாபம் வந்தாலும் அது ஒரு சுற்றோடு முடிந்து, எல்லாருக்கும் மாறிமாறி வரும். இதில் யாரும் ஏரியின் உரிமையாளர் ஆவதில்லை. ஒவ்வொருவருக்கும் இருப்பது தம் முறை வரும்போது இறங்கும் உரிமை மட்டுமே.

இந்த ஏற்பாட்டைத் தாங்கி நிற்பது ஊர்ப் பஞ்சாயத்து. சோழமண்டலக் கரையின் மீனவக் குப்பங்களில், அரசு நடத்தும் ஊராட்சித் தேர்தலோடு தொடர்பில்லாத ஊர்ப் பஞ்சாயத்து ஒன்று உண்டு. கடலிலும் கரையிலும் எழும் தகராறுகளை அதுவே விசாரிக்கும், தண்டம் விதிக்கும், மீறினால் ஊர்விலக்கும் செய்யும். கேடு செய்யும் வலை என்று முடிவுசெய்தால் அதைத் தடையும் செய்யும். இந்தக் கரையின் மீன்வளச் சச்சரவுகளை ஆராய்ந்த டச்சு ஆய்வாளர் மார்ட்டன் பாவிங்க், அரசின் சட்டத்தைப் போலவே இந்தக் கட்டுப்பாடும் மீனவர் வாழ்வில் உண்மையான சட்டமாக இயங்குவதை விரிவாகக் காட்டியிருக்கிறார். திருமணமாகித் தலைக்கட்டு வரி கொடுக்கும் ஆண் ஊரின் முழு உறுப்பினர் ஆகிறார். பாட்டில் பங்கும் திருவிழாச் செலவில் பங்கும் பஞ்சாயத்தில் பேச்சுரிமையும் அவருக்குச் சேர்ந்தே வருகின்றன. ஒன்றை மீறினால் மற்றவற்றையும் இழக்க நேரும். விதியை மீற யாரும் எளிதில் துணியாததற்குக் காரணம் இந்தப் பிணைப்புதான். இங்கே கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. பாட்டில் பங்குள்ள குப்பங்களில் அம்மன் கோயில் ஊர்களும் உண்டு, மாதா கோயில் ஊரும் உண்டு. ஒரே நீரை ஒரே முறையில் பகிர்ந்துகொள்ள மதம் அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை.

பொதுவளங்கள் அழிந்தே தீரும் என்ற கருத்து 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வலுவாக வேரூன்றியது. 1968இல் காரெட் ஹார்டின் எழுதிய கட்டுரை அதற்கு அடித்தளம். எல்லாருக்கும் பொதுவான மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் இன்னொரு மாட்டை விடவே முனைவார், ஆகவே அரசு கைப்பற்ற வேண்டும் அல்லது தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றார் அவர். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், 1990இல் வெளியான தம் நூலில் இதற்கு மறுப்பாக உலகின் பல பகுதிகளிலிருந்து சான்று காட்டினார். அவற்றில் ஒன்று துருக்கியின் அலான்யா. அங்கே மீனவர்கள் மீன்பிடி இடங்களுக்குச் சீட்டுப் போட்டு, நாள்தோறும் ஓரிடம் நகர்ந்து சுழலும் முறையைத் தாங்களே வகுத்துக்கொண்டார்கள். பழவேற்காட்டின் பாடு இதே தருக்கத்தில் நிற்பது. இது தனித்த அதிசயமும் இல்லை. கொச்சிக் காயலின் கம்பு வலை மீனவர்களிடமும் பாடு உண்டு. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் கம்பு வலை கட்டும் மீனவர் சங்கங்களும் சீட்டின் மூலமே இடம் பிரித்துக்கொள்கின்றன. அங்கே அரசு அந்த மரபைத் தன் விதிகளாகவே ஏற்றுக்கொண்டது. ஒரே வகை நீர்நிலை, ஒரே வகை இறால், ஒரே வகைச் சிக்கல் இருக்கும் இடங்களில் ஒத்த தீர்வு தோன்றியிருப்பது, இது வெறும் பழக்கம் என்ற கருத்தைத் தள்ளிவிடுகிறது. சூழலை நுட்பமாக அறிந்தவர்கள் யோசித்து வகுத்த அமைப்பு இது.

மறுப்புகள்

முதல் மறுப்பு, இது வறுமைக்கு வரலாற்றுப் பெருமை பூசும் முயற்சி என்பது. மக்கள் இங்கே நீடித்தது வேறு வழி இல்லாததால்தான், முறையால் இல்லை என்று சொல்லலாம். வேறு வழியின்மை மக்கள் ஊரைவிட்டுப் போகாததை விளக்கும். வளம் குறுகிய இடத்தில் குவிந்திருக்க, பங்கு கேட்பவர் பலராக இருக்க, அவர்கள் ஆண்டு முழுதும் வெட்டிக்கொண்டு அழியாமல் பிழைத்ததை அது விளக்காது. வறுமையும் நெருக்கடியும் உள்ள இடங்களில் வலியவர் வளைத்துக்கொள்வதே பரவலான நடப்பு. அப்படி நிகழாமல் தடுத்த ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். சீட்டும் முறையும் அந்த வேலையைச் செய்தன என்பதற்குக் குப்பங்களின் நடைமுறையே சான்று. பாடு மாறாத பழம்பொருளாகவும் இருந்ததில்லை. பருத்தி நூல் வலை போய் நைலான் வலை வந்தது. இறால் ஏற்றுமதி பெருகி விலை ஏறியபோது தகராறுகள் கூடின, விதிகள் மறுபடி பேசப்பட்டன, புதிய ஊர்கள் பங்கு கேட்டன. பழமை இதன் தகுதிக்குச் சான்றாகாது. மாறும் சூழலில் பேசித் தீர்க்கும் திறன் இருந்ததே சான்று.

இரண்டாவது மறுப்பு மிகக் கனமானது, அதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். பாடு உள்ளே இருப்பவர்களுக்குச் சமத்துவம் தந்தது, வெளியே இருப்பவர்களுக்குக் கதவை அடைத்தது. சுத்துவலை கட்டும் உரிமை பிறப்பால் வந்தது. அதே ஏரியை நம்பி வாழும் தலித் மக்களுக்கும் பிற சாதியினருக்கும் முகத்துவாரத்து நல்ல இடங்கள் கிடைக்கவில்லை. ஏரியின் விளிம்பில் வாழும் இருளர்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக் கழுத்தில் தொங்கும் பறியில் போடுகிறார்கள். வலையும் படகும் இல்லாத அந்த உழைப்பு பெரும்பாலும் பெண்களுடையது. நீரைப் பற்றிய அவர்களுடைய அறிவு எவருக்கும் குறைந்ததில்லை, ஆனால் பஞ்சாயத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. பங்குள்ள குப்பங்களிலும் உரிமை ஆணுக்குத்தான். பிடித்த மீனைக் கரையில் ஏலம் எடுத்து, கூடையில் சுமந்து சந்தைக்குக் கொண்டுபோய்க் காசாக்கும் பெண்ணுக்குப் பாட்டில் தன் பெயரில் பங்கில்லை. இந்த ஏரியில் 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டுகளில் எழுந்த மோதல்களில் பலவும் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் பங்கு கேட்டதால் எழுந்தவையே. ஊர்விலக்கு என்ற தண்டனையும் தனிமனித உரிமைக்கு எதிரானது. இவற்றை மரபு என்று சொல்லி ஏற்க முடியாது.

எனினும் இந்தக் குறையிலிருந்து பாடு முறையையே கலைத்துவிட வேண்டும் என்ற முடிவுக்கு வர முடியாது. அதில் இரண்டு கூறுகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, வளத்தைச் சுழற்சியாலும் சீட்டாலும் பகிரும் விதி. மற்றது, பங்காளி யார் என்று வரையறுக்கும் எல்லை. அநீதி எல்லையில் இருக்கிறது, விதியில் இல்லை. சீட்டு யாருடைய சாதியையும் கேட்பதில்லை. சீட்டுப் பெட்டிக்குள் யார் பெயர் போடலாம் என்று முடிவுசெய்கிறவர்கள்தான் கேட்கிறார்கள். எல்லையை விரிக்கலாம், விதி அப்படியே இயங்கும். மாறாக விதியைக் கலைத்து ஏரியை எல்லாருக்கும் திறந்துவிட்டால் பயன் இருளருக்கும் தலித் மீனவருக்கும் போய்ச் சேராது. முதலும் இயந்திரமும் ஆள்பலமும் உள்ளவர்களுக்கே போகும். கட்டுப்பாடற்ற திறப்பு ஏழைகளுக்குச் சாதகமாக முடிந்த மீன்பிடித் தளம் அரிது. ஆகவே வெளியே நிறுத்தப்பட்டவர்களின் உண்மையான நலன் பாட்டை அழிப்பதில் இல்லை, பாட்டில் பங்கு பெறுவதில் இருக்கிறது. அவர்கள் போராடியதும் பெரும்பாலும் அந்தப் பங்குக்காகத்தான் என்பதே இதற்கு வலுவான சான்று. ஒரு முறையை அநீதி என்று குற்றம்சாட்டுகிறவர்களே அதில் இடம் கேட்கிறார்கள் என்றால், அந்த முறைக்குள் மதிப்புள்ள ஏதோ இருக்கிறது.

மூன்றாவது மறுப்பு சூழலியல் சார்ந்தது. பாடு மீனவர்களுக்குள் பங்கிடுகிறது, மீனைக் காப்பதில்லை. எத்தனை கிலோ பிடிக்கலாம் என்று அது வரம்பு வைப்பதில்லை. இது பெருமளவு சரி. பாடு முதன்மையாகப் பங்கீட்டுக்கான ஏற்பாடு. ஆனால் எத்தனை வலை, எந்தெந்த இடத்தில், எந்த நாளில் என்று வரையறுத்ததால் முகத்துவாரம் முழுவதும் வலையால் அடைபடாமல் இருந்தது, இறாலில் ஒரு பகுதி கடலுக்குத் திரும்பி முட்டையிட வழி கிடைத்தது. அந்த நன்மை திட்டமிட்டது இல்லாமல் உடன்வந்ததாக இருக்கலாம், ஆனாலும் அது உண்மையான நன்மை. மக்கள்தொகை பெருகப் பெருகத் தலைக்கட்டுகள் கூடுகின்றன, ஒருவருக்கு முறை வரும் நாட்கள் இடைவெளிவிட்டுப் போகின்றன, ஒரு முறையில் கிடைப்பது குடும்பத்துக்குப் போதாமல் ஆகிறது. நண்டுக்கு வலை போடுவதும், கடலுக்குப் போவதும், நகரத்துக்குக் கூலிக்குப் போவதும் அதனால் பெருகின. இந்த நெருக்கடியைப் பாடு தனியாகத் தீர்க்காது. ஆனால் குறைந்துவரும் வளத்தைப் பங்கிடும் வேளையில்தான் நியாயமான பங்கீட்டு விதியின் தேவை கூடுகிறது. வளம் தாராளமாக இருந்த காலத்தைவிட இப்போது அது அதிகம் வேண்டும்.

பாட்டின் எல்லைக்கு வெளியிலிருந்து

ஏரியின் வளம் குறைந்ததற்குக் காரணத்தை வலைகளில் மட்டும் தேடினால் பெரும்பகுதியைத் தவறவிடுவோம். 1969இல் ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி ஏவுதளத்துக்குத் தேர்வானது, 1971இல் முதல் ஏவுதல் நடந்தது. தீவில் வாழ்ந்தவர்கள் இடம்பெயர்ந்தார்கள், அவர்களில் ஒரு பகுதியினர் பழவேற்காட்டுப் பக்கம் குடியேறினார்கள். நாட்டின் பெருமைக்கு உரிய அந்தத் திட்டத்தின் செலவில் ஒரு பங்கை, பங்கு கேட்கும் குடும்பங்கள் பெருகிய இந்த ஏரி சுமந்தது என்பது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. தெற்கே எண்ணூரில் அனல்மின் நிலையங்கள் எழுந்தன. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. அடுத்து காட்டுப்பள்ளியில் இன்னொரு துறைமுகம் வந்தது. இந்தக் கரையில் மணல் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. கடலுக்குள் நீட்டிய தடுப்புச் சுவர் அந்த மணலைத் தெற்கே பிடித்துவைக்கும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே இராயபுரம் கரை கடலில் போனதும் நூறாண்டுக்கும் மேலாக நம் கண்முன் இருக்கும் சான்று. எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் இடையில் கிடக்கும் குறுகிய மணல்திட்டு இந்த அரிப்புக்கு எளிதில் இலக்காகும். திட்டு உடைந்தால் ஏரிக்கும் கடலுக்கும் இடையிலான உறவே மாறிப்போகும், முகத்துவாரமும் இப்போதுள்ள இடத்தில் நிலைக்காது.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது குப்பங்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்ததன் பின்னணி இதுதான். இங்கே எழும் மறுப்பு பழகியது. துறைமுகம் வேலை தரும், வருவாய் தரும், சில ஆயிரம் குடும்பங்களின் மரபுத் தொழிலுக்காக ஒரு மாநிலத்தின் வளர்ச்சியைத் தடுக்கலாமா என்பார்கள். வளர்ச்சியின் தேவையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கேள்வி கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் எழுதுகிறது. துறைமுகம் தரும் வேலைக்குக் கல்வித் தகுதி வேண்டும், வயது வரம்பு உண்டு, பெண்ணுக்கு வாய்ப்பு குறைவு. ஏரி தரும் பிழைப்புக்கு அவை எதுவும் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணும் கையால் இறால் தடவி அன்றைய அரிசிக்கு வழி செய்துகொள்கிறார். ஏரியையும் அதைச் சூழ்ந்த சதுப்பையும் இழந்தால் பெருமழைக் காலத்தில் வடசென்னையின் வெள்ளம் வடிய இடமும் குறையும். மேலும் இந்த ஊரின் 400 ஆண்டு வரலாறு ஒன்றைத் தெளிவாகவே சொல்கிறது. தொலைதூரத்து முதலீடு வரும்போது ஊர் செழித்ததுபோலத் தோன்றும். கணக்கு மாறும் நாளில் அந்த முதலீடு போய்விடும். அதற்குள் உள்ளூர் வளம் அழிந்திருந்தால் மக்களுக்குத் திரும்ப இடம் இருக்காது. டச்சுக்காரர்கள் போனபோது ஏரி மிச்சமிருந்தது. அதனால்தான் பழவேற்காடும் மிச்சமிருந்தது.

செய்ய வேண்டியவை

அரசின் சட்டங்கள் இந்த ஏரியைப் பல பெயர்களால் அறியும். தமிழ்நாட்டுப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயம் ஆனது, ஆகவே வனத்துறைக்கு அது காப்பிடம். 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் இடையிலான மோதலை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் கரையில் எதைக் கட்டலாம் என்று பேசுகின்றன. ஆனால் ஏரியைத் தலைமுறைகளாகப் பகிர்ந்து ஆண்ட மக்களின் கூட்டுரிமையை இவற்றில் எதுவும் நேராக ஏற்கவில்லை. காடுகளில் வாழ்வோருக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கூட்டுரிமையைத் தந்தது. பழங்குடிகளுக்கும் காடு சார்ந்து வாழும் பிறருக்கும் நீர்நிலைகளில் மீன்பிடிக்கும் உரிமையைக்கூட அது குறிப்பிடுகிறது. கடற்கரைக் காயல்களில் வாழும் மீனவர்களுக்கென்று அதற்கு இணையான நாடு தழுவிய சட்டம் இல்லை. உரிமை சட்டத்தில் இல்லாதபோது அவர்கள் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஆட்சேபம் சொல்லும் கூட்டமாக மட்டுமே நடத்தப்படுகிறார்கள். வளத்தை ஆள்பவர்களாக அவர்களோடு யாரும் பேசுவதில்லை.

நீர்கொழும்பின் முன்மாதிரி நம் கண்முன்னே இருக்கிறது. மரபான சீட்டு முறையை அரசு விதியாக ஏற்கலாம், அப்படி ஏற்றதால் மரபு செத்துவிடவில்லை. பழவேற்காட்டிலும் பாட்டைச் சட்டம் ஏற்க வேண்டும், அந்த ஏற்புக்கு நிபந்தனையும் வேண்டும். ஏரியை நம்பி வாழும் எல்லாச் சமூகங்களுக்கும் பங்காளிப் பட்டியலில் இடம் வேண்டும். குடும்பத்தின் பங்கு கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவாக வேண்டும். கையால் இறால் பிடிக்கும் இருளர்களுக்கு வலை புகாத ஆழமற்ற விளிம்புகளைத் தனியே ஒதுக்க வேண்டும். ஊர்விலக்கு தண்டனையாக நீடிக்கக் கூடாது. முகத்துவாரத்தை எப்போது, எங்கே தூர்வாருவது என்ற முடிவில் பொறியாளர்களோடு குப்பங்களும் அமர வேண்டும். நீர் எந்த மாதம் எந்தப் பக்கம் வெட்டும் என்று அவர்கள் பல தலைமுறைகளாகப் பார்த்து வந்திருக்கிறார்கள். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருப்பதால் இரு மாநிலங்களின் மீனவர்களும் அமரும் பொதுவான அமைப்பும் தேவை. இதற்குக் குப்பங்களும் விட்டுக்கொடுத்தாக வேண்டும். பிறப்பால் வந்த முன்னுரிமையைக் காப்பாற்றிக்கொண்டே பொதுவளத்தின் பெயரால் நீதி கேட்க முடியாது.

வரலாறு என்றாலே கட்டியதும் வென்றதும்தான் என்று எண்ணிப் பழகியிருக்கிறோம். அதனால் பழவேற்காட்டின் கல்லறைக் கற்களுக்குக் காவல் போடுகிறோம், அதன் பங்கீட்டு முறைக்கு ஒரு வரிச் சட்டம்கூட எழுதவில்லை. கற்களைக் காப்பது சரியானதே. ஆனால் நாளைய தலைமுறைக்கு இந்த ஊர் கற்றுத்தரக்கூடிய பெரிய பாடம் அந்தக் கற்களில் இல்லை. குறைவான வளத்தை, அதிகாரம் அதிகம் உள்ளவர் விழுங்கிவிடாமல், படிப்பறிவும் அரசு ஆதரவும் இல்லாத எளிய மக்கள் தாங்களே விதி வகுத்துப் பகிர்ந்துகொண்டார்கள் என்பதே அந்தப் பாடம். அதன் எல்லை குறுகலாக இருந்தது, அதை விரிக்கும் கடமை நம்முடையது. தண்ணீரும் நிலமும் கடலும் சுருங்கிக்கொண்டிருக்கும் காலத்தில், சுருங்குவதைப் பகிரத் தெரிந்த மக்களை ஏரியிலிருந்து அகற்றுவது, நமக்கு மிகவும் தேவைப்படப்போகும் அறிவையே அகற்றுவதாகும்.